சலோமி கேட்ட சம்பளம்

குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்த சலோமி மாதம் பதினைந்தாயிரம் கேட்டாள். பன்னிரண்டுக்கு மேல் ஒரு பைசா முடியாது என்றான் ஆதவன். வர்ற திங்கட்கிழமை ஆபீஸுக்குத் திரும்ப வேண்டிய அவன் மனைவி வினோதா, இவளும் எழுந்து போய்விடுவாளோ என்று பயந்துகொண்டிருந்தாள். தொட்டிலில் குழந்தை வீறிட்டது. யாரும் சொல்லாமலே சலோமி போய் எடுத்து மார்போடு சேர்த்துக்கொண்டாள். அழுகை நின்றது. அவளுடைய ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்திருந்ததை வினோதா பார்த்தாள்.

"உங்களுக்கும் கைக்குழந்தையா? எத்தனை மாசம்?"

"இருந்திருந்தா இன்னியோட நாப்பது நாள்க்கா."

ஆதவன் செருமினான். "அப்ப பன்னெண்டுக்கு சரிதானே?"

"பத்து போதும் சார்."

அவன் ஜெயித்தவன்போல மனைவியைப் பார்த்தான். சலோமி குழந்தையின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. உடம்பு மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

"அஞ்சு குடுத்தாக்கூடப் போதும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, யாரும் கேட்காமலே, "காசே வேணாம் சார்."

வினோதா எழுந்து இரண்டு கைகளையும் நீட்டினாள். சலோமியின் பிடி தளரவில்லை.

"பதினஞ்சே தர்றேன்" என்றாள் வினோதா. "இருபது தர்றேன். கொழந்தைய இங்க குடுங்க."