முழு மதிப்பெண்

கால் ஊறவைக்கிற ஐஸ் தொட்டிக்குக் குழாயைத் திறந்துவிட்டதும் வெண்டெல்தான். மூட மறந்ததும் வெண்டெல்தான்.

துண்டு எடுக்கப் போனவன் திரும்பி வருவதற்குள் தண்ணீர் உடைமாற்றும் அறை வரை வந்துவிட்டது. புது ஆட்டக்காரர்களின் ஷூக்கள் வாசலை நோக்கி மிதந்துகொண்டிருந்தன.

"பெருசு! கேம்ப்புக்கு வந்தியா, மீன் வளர்க்க வந்தியா?" என்று எவனோ கத்தினான்.

எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தது வெண்டெல்தான். நாமே சிரித்துவிட்டால் மற்றவர்கள் வயதைப் பற்றிப் பேச மாட்டார்கள் என்று ஒரு நப்பாசை.

வயது முப்பத்தைந்து. வேறு எந்த வேலைக்கும் அது வாலிபம். அமெரிக்கக் கால்பந்தில், பந்தோடு பாய்ந்து வருகிறவனை எதிரே போய் மோதிச் சாய்க்கிற லைன்பேக்கருக்கு, அது வீட்டில் உட்கார்ந்து பேரனைக் கொஞ்சுகிற வயது.

பயிற்சிக் கேம்ப்பில் தொண்ணூறு பேர். சீசன் தொடங்கும்போது ஐம்பத்து மூன்று பேர்தான் அணியில் மிஞ்சுவார்கள். வெண்டெலின் இடத்துக்கு இருபத்திரண்டு வயதில் ஒருவன் வந்திருக்கிறான். அவன் தோள் வாசலில் நுழைந்து ஒரு நொடி கழித்துத்தான் அவன் முகம் நுழைகிறது.

மார்ச் மாதத்திலிருந்து வெண்டெல் பன்றி விலாவைத் தொடவில்லை. வேகவைத்த கோழியாகத் தின்று தின்று, உயிரோடு ஒரு கோழியைப் பார்த்தால் மன்னிப்புக் கேட்கும் நிலைக்கு வந்திருந்தான். இடது முழங்காலிலிருந்து மூன்று முறை நீர் எடுத்தாயிற்று. மனைவி ரோண்டா குளிக்கப் போன பிறகுதான் வீட்டு மாடியிலிருந்து இறங்குவான். பின்னோக்கி, கைப்பிடியைப் பிடித்தபடி.

எனக்கு இடம் உண்டா என்று ஒருவர் பாக்கியில்லாமல் கேட்டுவிட்டான்.

ஏஜென்ட், "உன் மேல உயிரையே வெச்சிருக்காங்கப்பா" என்றார். புதுக் கோச், "பாக்கலாம்" என்றார். உடற்பயிற்சி கொடுப்பவர் முதுகில் தட்டினார்.

ஆட்டம் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று அவன் ஒரே ஒரு தடவை யோசித்துப் பார்த்திருக்கிறான். நெடுஞ்சாலை ஓரமாக வண்டியை நிறுத்தி, இருபது நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

இப்போது டாக்டர் கோவல்ஸ்கியின் அறையில் உட்கார்ந்திருக்கிறான். காலை ஆட்டினால் ஷூவுக்குள் தண்ணீர் சளக் என்கிறது. அணிக்கு வந்த முதல் வருடத்திலிருந்து அவனைப் பரிசோதிப்பது இந்த அம்மாள்தான்.

முழங்காலை மடக்கினார், நீட்டினார், திருகினார். வெண்டெல் விட்டத்தைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டே இருந்தான்.

"முட்டி இந்த சீசன் தாங்கும்" என்றார் டாக்டர்.

அவனுக்கு அழுகை வந்துவிட்டது. தும்மலாக மாற்றிச் சமாளித்தான்.

ஆனால் டாக்டர் ஃபைலை மூடவில்லை. அடுத்த பக்கம், நேற்று எடுத்த தலைச் சோதனை.

ஐந்து வார்த்தைகள் சொல்வார்கள். கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். மாதங்களை டிசம்பரிலிருந்து பின்னால் எண்ணிக்கொண்டு வர வேண்டும். ஆட்டத்தில் தலையில் அடிபட்டால் மறுபடி இதே சோதனை. முதலில் எடுத்ததைவிட மதிப்பெண் குறைந்திருந்தால் ஓரமாக உட்கார வேண்டியதுதான்.

அதனால் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் சீசனுக்கு முன்பே வேண்டுமென்றே தப்பாகச் சொல்லிவிடுவார்கள். அப்புறம் எத்தனை அடி விழுந்தாலும் குறைவதற்கு இடமே இருக்காது. பன்னிரண்டு வருடமாக வெண்டெலும் அப்படித்தான். ஐந்து வார்த்தையில் இரண்டை விழுங்குவான். வருடத்தில் மார்ச் என்று ஒரு மாதமே கிடையாது என்பான்.

இந்த வருடம்தான் உண்மையாகச் செய்தான்.

களத்தில் தன் பக்கத்து ஆட்களைக் கத்திக் கூப்பிட்டு, யார் எங்கே நிற்பதென்று சொல்வது அவன் பொறுப்பு. கால் தேய்ந்தாலும் தலை தேயவில்லை என்று புதுக் கோச்சுக்குக் காட்டியாக வேண்டும். மூன்று வாரமாக, வண்டி ஓட்டும்போதெல்லாம் மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லிப் பழகினான். சிக்னலில் பக்கத்தில் நின்றவர்கள் ஜெபம் என்று நினைத்திருப்பார்கள்.

முழு மதிப்பெண். அவனுக்குச் சந்தேகமே இல்லை.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "வெண்டெல், வழக்கம்போல ஏமாத்தினியா?"

தூக்கிவாரிப் போட்டது. அத்தனை வருடமும் இந்த அம்மாளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது! காதுவரை சூடேறியது. ஆனாலும், திருந்திய வருடத்தில் பிடிபட்டது அதிர்ஷ்டம்தான் என்று பட்டது.

"மத்த வருஷமெல்லாம் ஏமாத்தினேன் டாக்டர், ஒத்துக்கறேன். இந்தத் தடவை சத்தியமா இல்ல. ரோண்டா மேல ஆணையா இல்ல."

டாக்டர் தாளை அவன் பக்கம் திருப்பினார்.

ஐந்து கோடுகள். முதல் கோட்டில், குதிரை. மூன்றாவது கோட்டில், மறுபடியும் குதிரை. மற்ற கோடுகள் காலியாக இருந்தன.

வெண்டெல் ஒரு ஜோக்குக்காகத் தேடினான். எப்போதும் நாக்கு நுனியில் ஒன்று இருக்கும்.

காலை அசைக்காமல் வைத்துக்கொண்டான். ஷூ சத்தம் போடக் கூடாது.

"இந்த வருஷமும் ஏமாத்தினேன்னே எழுதிக்குங்களேன்" என்றான். "நீங்களாவது நேராச் சொல்லுங்க டாக்டர். நான் ஆடுவேனா?"

"ஏமாத்தினேன்னு நீ சொல்லிடணும்னு நேத்துலேருந்து வேண்டிக்கிட்டிருந்தேன்" என்றார் டாக்டர். "இல்ல வெண்டெல். நீ ஆடலாம்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."