வட்டப்பாதையில் தவளைச் சத்தம்

விழுந்து விழுந்து சிரிக்கப் போகிறீர்கள். ஆனால் இப்போதே பல்லைக் காட்டாதீர்கள், ஆமை மெதுவாகத்தான் வரும்.

கோடையில் சதுப்பு நிலப் பூங்கா வற்றிவிட்டது. தண்ணீர் தேடிக் கிளம்பிய ஆமை, மனிதர்கள் உலாவுவதற்குப் போட்டிருந்த வட்டப்பாதையில் ஏறியது. எந்தக் குரலையும் அப்படியே கத்திக் காட்டும் கரிச்சான் குருவி அதைப் பார்த்துவிட்டது. முன்னால் பறந்துபோய்ப் புதருக்குள் உட்கார்ந்து, "கொர்ர்... கொர்ர்..." என்றது.

"தவளை! அப்போ தண்ணி பக்கத்துலதான்!" என்று ஆமை ஓடியது. ஆமை ஓடினால் எப்படி இருக்கும்? பொறுங்கள், சிரிப்பு இது இல்லை.

அடுத்த வளைவில் குளத்துப் பறவையான நாமக்கோழி கூவியது. அதற்கடுத்த வளைவில் மீன் துள்ளும் சத்தம், "தளக், தளக்!" ஓடு கொதிக்க, நாக்கு ஒட்டிக்கொள்ள, ஆமை ஒரு சுற்று சுற்றிக் கிளம்பிய இடத்துக்கே வந்து நின்றது.

கரிச்சானுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஏமாந்தியாண்ணே! எல்லாம் என் தொண்டைதான்!"

ஆமைக்குக் கோபம் வரவில்லை. "அசல் தவளையேதான் தம்பி. யாருகிட்ட கத்துக்கிட்ட? என்னை அங்க கூட்டிட்டுப் போ."

"அது போன மாசமே காஞ்சு செத்துப்போச்சுண்ணே."

"நாமக்கோழி?"

"பறந்து போயிருச்சு."

"மீனு?"

கரிச்சான் வாயைத் திறந்தது. எந்தக் குரலும் வரவில்லை.

"அப்போ அவங்கள்லாம் எனக்கு முன்னாடியே தண்ணியைத் தேடிப் பார்த்துட்டாங்க" என்றது ஆமை.