இலவச வழிகாட்டி

மாநாட்டுக்கு வர வசதியில்லாத மாணவர்களுக்கென்று ஆராய்ச்சி மாநாட்டுக் குழு ஒரு திட்டம் வைத்திருந்தது. விமான டிக்கெட், தங்க அறை, மூன்று வேளைச் சாப்பாடு, கூடவே ஆளுக்கொரு வழிகாட்டி. எல்லாமே இலவசம். டிக்கெட் பணத்தை மட்டும் மாணவனே முதலில் போட்டுவிட வேண்டும். மாநாடு முடிந்ததும், 'இவன் என்னால் பயனடைந்தான்' என்று வழிகாட்டி கையெழுத்துப் போட்டால் பணம் திரும்பி வரும். வசதியில்லாதவர்களுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

அந்தத் திட்டத்தில் வந்த ஒரு மாணவன், தன் அக்காவின் கிரெடிட் கார்டில் டிக்கெட் எடுத்திருந்தான். அத்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதைப் பார்க்காதது போலக் கிளம்பி வந்துவிட்டான்.

அவனுக்கு வாய்த்த வழிகாட்டி ஒரு பேராசிரியர். எத்தனையோ மாணவர்களைக் கைதூக்கி விட்டவர் என்று பெயர். அவர் கைதூக்கி விட்ட யாரும் அதற்குப் பிறகு ஆராய்ச்சிப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. அவருடைய கட்டுரைகள் மட்டும் வருடா வருடம் பெருகிக்கொண்டே போயின.

முதல் நாள் மாலை ஹோட்டல் வரவேற்பறை சோபாவில் இருவரும் சந்தித்தார்கள். பேராசிரியர் காபி சொல்லிவிட்டு லேப்டாப்பைக் கேட்டார். மாணவன் பையை மடியோடு அணைத்துக்கொண்டான்.

"இல்ல சார்... நாளைக்கு மேடையில பேசறவரைக்கும் யார்கிட்டயும் காட்ட வேண்டாம்னு..."

"வழிகாட்டிகிட்டயே மறைச்சா நான் எப்படி தம்பி வழிகாட்டறது?"

கையெழுத்து நினைவுக்கு வந்ததும் மாணவன் பையைத் திறந்தான்.

தேனீப் பெட்டிகளைத் தராசின் மேல் வைத்து, ஒரு முழு வருடம் எடை பார்த்து, எந்த மாதத்தில் எந்தப் பூவை நம்பித் தேனீக்கள் பிழைக்கின்றன என்று சொல்லும் ஆய்வு அது. படிக்கப் படிக்கப் பேராசிரியரின் குரல் குழைந்தது. பெற்ற பிள்ளையிடம் பேசுவது போலப் பேச ஆரம்பித்தார். நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று சொல்லி எல்லாவற்றையும் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை டிபன் வேளையிலேயே தீர்ப்பு வந்தது.

"இன்னும் பக்குவம் வரல தம்பி. மேடை ஏறினா உன்னைக் கிழிச்சுத் தொங்கவிட்டுடுவாங்க. உன் பேச்சை ரத்து பண்ணச் சொல்லிட்டேன். சாயங்காலம் ஆய்வுச் சுருக்கம் போட்ட போஸ்டரை மட்டும் ஹால்ல மாட்டு, போதும். நேரம் வீணாகக் கூடாதுன்னு உன் இடத்துல நானே ஏதோ பேசிடறேன். கையெழுத்தைப் பத்திக் கவலைப்படாதே."

மாணவன் தலையைக் குனிந்துகொண்டு சரி என்றான்.

அறைத் தோழனுக்குத்தான் ரத்தம் கொதித்தது. அவனும் அதே திட்டத்தில் வந்த மாணவன்தான். இப்போதே குழுவிடம் புகார் கொடுக்கலாம், நானே கூட வருகிறேன் என்றான். பெரிய மனுஷரைப் பகைத்துக்கொள்ள வேண்டாம், டிக்கெட் பணம் வந்தால் போதும் என்று மாணவன் அவன் கையைப் பிடித்து உட்காரவைத்தான். இப்படி ஒரு அப்பாவியா என்று தோழன் நொந்துபோனான்.

பேராசிரியர் கோட்டு சூட்டோடு மேடையேறினார். மாணவனின் படங்கள் அப்படியே திரையில் ஓடின. முதல் படத்தில் இருந்த பெயர் மட்டும் மாறியிருந்தது. வெயிலிலும் மழையிலும் தேனீக்களோடு தான் பட்ட பாட்டை அவர் உருக்கமாகச் சொன்னார். கொட்டு வாங்கிய கையைக்கூடத் தூக்கிக் காட்டினார். அரங்கம் கைதட்டியது.

அமர்வின் தலைவருக்கு உடம்பு சரியில்லாததால், ஓய்வுபெற்ற விஞ்ஞானி அம்மாள் ஒருவர் அவருக்குப் பதிலாக அன்று காலைதான் வந்து இறங்கியிருந்தார். அவர் மைக்கைக் கையில் எடுத்தார்.

"மூணாவது வரைபடத்துல ஏப்ரல் மாசம் எடை திடீர்னு குறையுதே, ஏன்?"

"மழை மேடம். அந்த ஏப்ரல்ல பேய் மழை."

"மழை இல்ல சார். காரை ரிவர்ஸ் எடுத்தப்ப ரெண்டு பெட்டி இடிபட்டுக் கவுந்துடுச்சு."

அரங்கம் சிரித்தது. அம்மாள் சிரிக்கவில்லை.

"இது உங்க வேலை இல்ல. வேற ஒருத்தரோட ஒரு வருஷ உழைப்பு. யாரோடதுன்னு நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

பேராசிரியரின் பார்வை கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த மாணவனிடம் போனது. பயல் போட்டுக்கொடுத்துவிட்டான் என்று அவருக்குப் புரிந்துபோயிற்று. தண்ணீர் குடித்தார். டம்ளர் காலியான பிறகும் குடித்துக்கொண்டிருந்தார். குழுவினர் இருவர் வந்து, மிகுந்த மரியாதையுடன் அவரைப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போனார்கள். திரும்பி வெளியே வந்தபோது அவர் கழுத்தில் மாநாட்டு அட்டை இல்லை. வழிகாட்டிப் பதவியும் இல்லை.

அறைத் தோழன் ஓடிவந்து மாணவனைக் கட்டிக்கொண்டான்.

"ஜெயிச்சுட்டடா! முதல்ல போய் அந்த மேடத்தைப் பாரு. சாயங்காலம் போஸ்டர்களைப் பார்த்துப் பரிசு குடுக்கப்போறதும் அவங்கதானாம்."

முகம் கழுவிவிட்டு வருவதாகச் சொல்லி மாணவன் எழுந்தான். அறைக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு பின்படி வழியாக இறங்கினான். சமையற்கட்டு வாசலில் இருந்த குப்பைத் தொட்டிக்குள் போஸ்டரை நான்காகக் கிழித்துத் திணித்தான். தெருவுக்கு வந்து, விமான நிலையத்துக்கு ஒரு டாக்சி பிடித்தான்.

கல்லூரி நூலகத்தின் அடித்தட்டில் தூசி மண்டிக் கிடந்த அந்தப் பழைய ஆய்வேட்டை, வருடத்தை மட்டும் மாற்றி வரிக்கு வரி நகல் எடுத்தபோது, அதை எழுதிய அம்மாள் எப்போதோ செத்துப்போயிருப்பார் என்றுதான் அவன் நினைத்திருந்தான்.