சுவரில் போட்ட துளை

அறையில் இருப்பவர்கள் நான், என் மகன், மருமகள், என் மடியில் பல் முளைக்கும் பேரன்; வேறு யாருமில்லை. மகன் வேலை பார்க்கும் இந்தத் தீவின் மழை சட்டென்று ஓய்ந்து, ஜன்னலுக்கு வெளியே தென்னை ஓலைகளில் வெயில் சொட்டுகிறது. குழந்தை பிடித்து எழுந்தால் சாய்ந்துவிடாமலிருக்க, மகன் புத்தக அலமாரியைச் சுவரோடு சேர்த்து முடுக்கப் போகிறான். டிரில்லிங் மெஷின் அலறுகிறது. சிமெண்டுத் தூள் அவன் புருவத்தில் படிய, பேரன் என் கட்டைவிரலைக் கடித்தபடி சிரிக்கிறான். "வாடகை வீட்டுச் சுவர்ல ஓட்டை போடுறியே, வீட்டுக்காரன் சும்மா விடுவானா?" என்கிறேன். மெஷின் நிற்கிறது. மருமகள் துடைப்பமும் கையுமாக நின்றுவிடுகிறாள். "இன்னுமா சொல்லலை நீங்க?" என்று அவனிடம் மெல்லக் கேட்கிறாள். "வீட்டுக்காரனே நான்தான்பா. போன வருஷமே வாங்கியாச்சு" என்கிறான், சுவரைப் பார்த்துக்கொண்டே. இரண்டு வருடத்தில் ஊருக்கே திரும்பிவிடுவேன் என்ற அவன் பேச்சை நம்பித்தான் அங்கே வீட்டின் மேல் மாடி எடுத்தேன். போன மாதம் அங்கே குழந்தையின் அறைக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று போனில் கேட்டபோது, "நீலம் அடிங்கப்பா, அவனுக்குப் பிடிக்கும்" என்றவனும் இவனே. "காபி போடட்டுமா மாமா?" என்கிறாள் மருமகள். பேரனை அவளிடம் கொடுத்துவிட்டு எழுகிறேன். "துளை கோணலா இருக்கு. மட்டம் பாத்தியாடா?" மருமகளோடு சண்டை போட்டுக்கொண்டு, தங்க வந்த நாள்கள் முடியுமுன்னே நான் ஊர் திரும்பிவிட்டதாக இப்போது உறவில் ஒரு பேச்சு இருக்கிறது. சண்டை எதுவும் நடக்கவில்லை. அலமாரி நேராக நிற்கும்வரை பிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் பெட்டியைக் கட்டினேன்.