கோட்டுக்கு இந்தப் பக்கம்

நாளைக் காலை பத்து மணிக்கு விழப்போவது பெரிய அணுகுண்டுதான். ஆனால் அளவோடுதான் அழிக்கும் என்று இரண்டு நாடுகளும் கையெழுத்துப் போட்டிருந்தன. அந்த அளவைக் காட்டுவதற்காக வந்த சர்வேயர், மங்கையர்க்கரசியின் வீட்டுக்குள் குனிந்து சாக்பீஸால் ஒரு கோடு கிழித்தார். கோடு சமையலறை வாசலில் விழுந்தது.

"அடுப்படி மட்டும் போயிடும்மா. ஹாலுக்கு ஒண்ணும் ஆவாது. எல்லாரும் இங்கயே இருந்துக்குங்க."

அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "அப்போ சிலிண்டரை மட்டும் இந்தப் பக்கம் உருட்டிட்டாப் போதுமா சார்?"

"தாராளமா."

"குண்டு போடுறவங்களுக்கு இந்தக் கோடு தெரியுமா?"

"வரைபடமே அவங்க அனுப்பினதுதாம்மா."

இதற்கு நிம்மதிப்படுவதா, பயப்படுவதா என்று தெரியாமல் அவள் விழித்துக்கொண்டு நின்றபோது, அடுப்பில் தாளிக்கப் போட்டிருந்த வற்றல் மிளகாய் கருகிப்போயிற்று. நெடி ஹாலுக்குள் புகுந்தது. தொட்டிலில் கிடந்த குழந்தை வீறிட்டு அழுதது. சர்வேயர் கண்ணில் நீர் வழிய இருமினார், இருமிக்கொண்டே இருந்தார்.

மங்கையர்க்கரசி குனிந்து அவருடைய கால்களைப் பார்த்தாள்.

"நீங்க கோட்டுக்கு இந்தப் பக்கந்தானே சார் நிக்கிறீங்க?"