வண்டிக்கு விரதம்

நாலு சக்கரத்துக்கும் அடியில் நாலு எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது.

தரையை முகர்ந்துகொண்டு நிற்கிற சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். பழம் வைப்பதற்கு மாதவராஜின் மனைவி காவேரி பட்டுப்புடவையோடு தரையில் விழவேண்டியிருந்தது. பின்னால் நின்றவர்கள் வண்டியைக் கும்பிடுகிறாள் என்று நினைத்து அவர்களும் ஒரு கும்பிடு போட்டார்கள்.

போர்வெல் மாதவராஜ் காருக்குள் இறங்கினார். மற்ற வண்டிகளில் ஏறலாம். இதில் இறங்கத்தான் வேண்டும்.

படுத்த வாக்கிலேயே பொத்தானை அழுத்தினார்.

டிக்.

அதற்குமேல் ஒன்றும் இல்லை.

கடத்தூர் வட்டாரத்தில் லாரி, டிராக்டர், போர் போடுகிற ரிக் வண்டி வைத்திருப்பவர்கள் பாதிப்பேர் பொரிப் பொட்டலத்தோடு அங்கே நின்றிருந்தார்கள். ஆயுத பூஜையில் பழம் நசுக்காத வண்டி அந்த வருஷம் முழுக்க வினை வைக்கும். அது அவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

“என்னங்கண்ணா, வண்டி இன்னிக்கு விரதமா?” என்றார் பங்காளி வீரமணி.

சிரிப்பு கொட்டகையைச் சுற்றி வந்து தீர்த்தகிரியிடம் நின்றது. பேட்டரிக் கடைக்காரன் அவன்தான்.

“ஏம்ப்பா தீர்த்தகிரி, நீ குடுத்தது பேட்டரியா, சோத்து டப்பாவா?” என்று உள்ளேயிருந்து கத்தினார் மாதவராஜ்.

சிரித்த அத்தனை பேரும் தீர்த்தகிரியின் வாடிக்கைக்காரர்கள். இந்தப் பழி இங்கேயே ஒட்டிக்கொண்டால் நாளைக்குக் கடையில் ஈதான் ஓட்டவேண்டும்.

பெங்களூரிலிருந்து லாரியில் படுத்து வந்த கார் அது. கடத்தூர் வேகத்தடைகளைப் பார்த்த பிறகு கொட்டகையை விட்டு வெளியே போனதில்லை. நின்ற இடத்திலேயே அதன் பழைய பேட்டரி செத்தது.

புதியது வாங்க வந்த மாதவராஜ், கடையிலிருந்த பேட்டரிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். கனம் இருந்தால்தான் சரக்கு. ரிக் வண்டிப் பேட்டரியைக் கட்டிப்பிடித்து, இதுதான் என்றார்.

இந்த மாதிரிக் கார்களுக்குக் கனம் குறையக் குறையத்தான் விலை ஏறும் என்றான் தீர்த்தகிரி.

மாதவராஜ் கையிலிருந்ததைப் பட்டென்று கீழே வைத்தார். டிபன் பாக்ஸ் அளவில் இருந்த லித்தியம் பேட்டரியின் விலையைக் கேட்டு அவர் முகம் மலர்ந்தது. வீரமணியால் வாங்க முடியாத விலை.

கூடவே ஒரு மெயின்டனன்ஸ் சார்ஜரும் வேண்டும் என்றான். லாரிப் பேட்டரிக்குப் போடுகிற சார்ஜர் வெள்ளமாகப் பாய்ச்சும், இதற்கு ஆகாது. இது எப்போதும் மாட்டியே இருக்கும், பேட்டரி கேட்கிறபோது மட்டும் கொஞ்சமாகக் கொடுக்கும். சொட்டுநீர்ப் பாசனம் மாதிரி.

சொட்டுநீர் மாதவராஜுக்குப் புரிந்தது. ஆனால் வேறொன்று உறுத்தியது. வருஷம் பூராவும் கரண்ட் ஓடினால் பில் யார் கட்டுவது?

அத்தனை விலை கொடுத்தபோது சுருங்காத முகம் அப்போது சுருங்கியது. வியாபாரம் கைநழுவுகிற மாதிரி இருந்தது. தீர்த்தகிரி ஒரு பதில் சொன்னான். மாதவராஜ் சிரித்துக்கொண்டே சார்ஜரையும் எடுத்துக்கொண்டார்.

இப்போது அந்தச் சார்ஜரில் பச்சை விளக்கு இல்லை. எந்த விளக்கும் இல்லை.

தீர்த்தகிரி வயரைக் கண்ணாலேயே பிடித்துக்கொண்டு போனான்.

கைநீட்டினால் எட்டும் தூரத்தில் வீட்டு பிளக் பாயின்ட் இருந்தது. வயர் அதைச் சட்டை செய்யவில்லை. ஜன்னல் வழியாக வெளியேறி, முருங்கை மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, வேலியைத் தாண்டி, கிணற்று மோட்டார் ரூமுக்குள் நுழைந்தது. விவசாயத்துக்கு அரசாங்கம் கொடுக்கிற இலவச மின்சாரம்.

மூன்று வாரமாக மழை. காட்டுக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டியதில்லை என்று மோட்டார் ரூமின் மெயின் சுவிட்சை யாரோ இறக்கி வைத்திருந்தது திறந்திருந்த கதவு வழியாகத் தெரிந்தது.

பேட்டரிமேல் தப்பில்லை. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், கடையின் பெயர் பிழைத்துவிடும்.

தீர்த்தகிரி வாயைத் திறந்தான்.

எதிரே, சிறப்பு விருந்தாளியாக வந்திருந்த மின்வாரிய ஏ.இ., பொரியை மென்றுகொண்டிருந்தார்.

கார்க் கண்ணாடிக்குள் மாதவராஜின் தலை ஆடியது. முதலில் இல்லை என்று. பிறகு வேண்டாம் என்று.

“திருஷ்டிங்க. செகப்பு வண்டி வேற,” என்றான் தீர்த்தகிரி.

கூட்டம் அதை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. பேட்டரியைப் பற்றி யாருக்கும் தெரியாது, திருஷ்டியைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். எல்லாக் கண்களும் மெதுவாக வீரமணியிடம் திரும்பின. அவர் பொரிப் பொட்டலத்தை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

காவேரி பூசணிக்காய் சுற்றி உடைத்தாள். வாழைக்கன்று கட்டி நின்ற டிராக்டரிலிருந்து வயர் கொடுத்தார்கள். கார் உறுமியது. ஒரு முழம் முன்னால் வந்து நாலு பழத்தையும் நசுக்கியது. கைதட்டல் அடங்குவதற்குள் ஒரு முழம் பின்னால் போய் நின்றது. உறையைப் போட்டு மூடினார்கள். இனி அடுத்த ஆயுத பூஜைக்கு.

ஜீப்பில் ஏறப்போன ஏ.இ., தீர்த்தகிரியின் தோளில் கைவைத்தார். அவர் பார்வை முருங்கை மரத்தில் இருந்தது.

“நல்ல வேளைங்க. நீங்க வாயத் தொறந்திருந்தா, நான் காதத் தொறக்க வேண்டியிருந்திருக்கும்.”

தீர்த்தகிரி சிரித்து வைத்தான். வாயைத் திறந்திருந்தால் வயரோடு சேர்ந்து இன்னொன்றும் வெளியே வந்திருக்கும். பில் யார் கட்டுவது என்று கேட்ட மாதவராஜுக்கு அன்று கடையில் அவன் சொன்ன பதில்.

“அதான் பக்கத்துலயே மோட்டார் ரூம் இருக்குதுங்களே.”