போர்டு சொன்ன தோல்வி

ஆட்டம் தொடங்குமுன்பே முடிவைக் கணித்துச் சொல்லிவிடும் அரங்கத்து மின்னணு போர்டு, இன்றும் எங்கள் கோவை கூடைப்பந்து அணிக்குத் தோல்வி என்றே காட்டியது. அது தவறுவது அபூர்வம்.

"முதல் பத்து நிமிஷம் உங்களுக்கு என்னதாண்டி ஆகுது? வர்ற பந்து கண்ணுக்குத் தெரியலியா?" இடைவேளையில் பயிற்சியாளர் ஜெசிந்தா கத்தினார்.

எப்படித் தெரியும்? போர்டைப் பார்த்ததும் கூட்டம் எழுந்து போகிறது. அதில் எங்கள் வீட்டு ஆட்கள் இருக்கிறார்களா என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இன்று என் அப்பாவும் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அந்த ஆத்திரத்திலேயே ஆடினேன். கடைசி நொடியில் நான் போட்ட பாஸ்கெட்டில் ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தோம். வியர்வையைக்கூடத் துடைக்காமல் போன் செய்தேன்.

"அப்பா, ஜெயிச்சுட்டோம்!"

"பொய் சொல்லாத கண்ணு. நான் போர்டைப் பாத்துட்டுத்தான வந்தேன்."